கடைசி எழுத்தின் நீளம்

சோதனை அறையில் கடிகாரம் வைக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் விதி. கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் அவசரப்படுவார்கள். அவசரப்பட்டால் பேச்சின் முனைகள் சுருங்கிவிடும். முனைகள் சுருங்கினால் தராசு தவறாக எடை போட்டுவிடும். ஆகவே அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், இரண்டு ஒலிவாங்கிகள், ஒரு தண்ணீர்ச் செம்பு ஆகியவை மட்டுமே இருந்தன. ஒன்பது ஆண்டுகள் அங்கே நான் உரையாடுநராகப் பணியாற்றினேன். என் பெயர் வயிரவன்.

கடல் ஏறி ஏழு கரையோர மாவட்டங்கள் மூழ்கிய பிறகு, தருமபுரி மேட்டில் எழுப்பப்பட்ட புதுநகரத்துக்குள் அந்த ஏழு மாவட்டத்தாருக்கும் மேட்டுநிலத்தாருக்கும் மட்டுமே இடம் என்று சட்டம் வகுத்தார்கள். மற்றவர்கள் மலைக்குக் கீழே, உப்புநீர் சூழ்ந்த மிதவை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். எவர் எந்த ஊரார் என்பதை எவ்வாறு அறிவது? காகிதங்கள் வெள்ளத்தில் போய்விட்டன. மிஞ்சிய காகிதங்களில் பாதிக்குமேல் போலி. அப்போதுதான் ஓசைக்கட்டுச் சோதனை நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதைத் தராசு என்றே அழைத்தார்கள். ஒருவர் ஐந்து வயதுக்குள் எந்த மண்ணில் பேசப் பழகினார் என்பதை, அவர் என்ன பேசுகிறார் என்பதைச் சற்றும் பொருட்படுத்தாமல், பேச்சின் கட்டமைப்பை மட்டும் அளந்து அது சொல்லிவிடும்.

இயந்திரம் அளப்பதற்கு நாற்பது நிமிட இயல்பான பேச்சு தேவை. பயந்தவர்கள் இயல்பாகப் பேசுவதில்லை. அந்தப் பயத்தைப் போக்கி அவர்களைப் பேசவைப்பதே என் பணி. அதற்கு நான் பொருத்தமானவன் என்று மேலதிகாரிகள் கருணையோடு கருதினார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள், அழுபவர்கள், நடுங்குபவர்கள் ஆகியோரை என் அறைக்கே அனுப்புவார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஜெனோவா என்ற இளம்பெண் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். தூத்துக்குடிக் கரையிலிருந்து மூன்று முகாம்கள் மாறி வந்த குடும்பம். அவருடைய கணவர் கிளாட்வினும் தமக்கை ரெஜினாவும் முந்தைய வாரமே தேறிவிட்டிருந்தனர். எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. குழந்தைகளுக்குச் சோதனை கிடையாது. பெற்றோரில் தேறியவருடன் அவர்கள் நகரத்துக்குள் போய்விடுவார்கள்.

"உட்காருங்கம்மா. தண்ணி வேணுங்களா?"

"வேண்டாம் சார். குடிச்சா வெளிய போணும். போனா திரும்ப உள்ள விடமாட்டாவன்னு வரிசையில சொல்லுதாவ."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எத்தனை தடவை வேணும்னாலும் போயிட்டு வரலாம்."

"அப்ப குடுங்க."

ஒரே மூச்சில் செம்பைக் காலி செய்தார். கழுத்தெல்லாம் நனைந்தது.

"என்ன சார் பேசணும்? செபம் சொல்லட்டா? எங்க அக்கா அதத்தான் சொன்னாளாம். அந்த அம்மா, 'சாமிய அப்புறம் கும்பிடு, மொதல்ல வாயத் தொறந்து பேசு'ன்னு ஏசிப்புட்டாவளாம்."

அந்த அம்மா என்று அவர் குறிப்பிட்டது மற்றோர் உரையாடுநரான குணவதி அம்மையாரை. அடுத்த அறையில் இருப்பவர். அவர் குரல் சுவரைத் தாண்டி எங்கள் அறைக்கே கேட்கும்.

"நீங்க எதை வேணும்னாலும் பேசலாங்க. உங்களுக்கு எதுல பிரியம்?"

"சண்ட போடுறதுல."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு தமக்கையோடு போட்ட சண்டைகளைச் சொல்லத் தொடங்கினார். நெத்திலி காயப்போட்ட பாயை எவள் மிதித்தாள் என்பதில் ஒரு சண்டை. அக்காவின் கல்யாணப் புடவையைத் தங்கை முதலில் உடுத்திப் பார்த்ததில் ஒரு சண்டை. முதலில் அவர் பேச்சு அலைபோல் எழுந்து, முடிவில் நீண்டு இழுபட்டது. நான், "அப்படிங்களா", "பிறகுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் அவர் தோள்கள் தளர்ந்தன; குரல் தணிந்தது. என்னோடு பல நாள் பழகியவர் போல நிதானமாகப் பேசினார். நல்லபடியாக முடிந்தது என்று நான் மனநிறைவு கொண்டேன்.

முடிவுச்சீட்டை உரையாடுநரே கொடுக்க வேண்டும் என்பதும் விதி. பழகிய குரல் சொன்னால் கலவரம் குறையும் என்று யாரோ எண்ணியிருக்க வேண்டும். சீட்டில் ஒரே ஒரு சொல் அச்சாகியிருந்தது: வெளியார்.

ஜெனோவா அதை இருமுறை படித்தார்.

"சார், இது வேற ஆளு சீட்டு. பேரப் பாருங்க."

"உங்க பேருதாங்க."

"என் பேரு இருக்கு. ஆனா நான் இல்ல சார் இது."

தாழ்வாரத்தில் கிளாட்வின் குழந்தையோடு நின்றிருந்தார். சீட்டைப் பார்த்ததும் அவர் கூச்சலிடவில்லை. கூச்சலிட்டால் தன் அனுமதியும் பறிபோகும் என்று யாரோ எச்சரித்திருப்பார்கள்.

"ஒரே வயித்துல பொறந்தவளுவ சார். ஒரே வீட்டுல கெடந்தவளுவ. அவ ஊர்க்காரி, இவ வெளியாளா? இது பால்குடிப் பிள்ள. வெள்ளிக்கெழம முகாம் பஸ்ஸுல இவள ஏத்திட்டா, நான் பிள்ளைய யார்ட்ட கொண்டு குடுக்கட்டும்?"

"நீங்களும் பிள்ளையை எடுத்துக்கிட்டு அவங்களோட…"

"முகாமுக்கா? போன முகாம்ல எங்க வரிசையில மட்டும் நாலு பிள்ள செத்துச்சு. வயித்தால போயி."

மேல்முறையீட்டுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். சோதனையில் குறை இருந்ததாக நிறுவினால் மட்டுமே மறுசோதனை என்று அதில் சிறிய எழுத்தில் இருந்தது. ஒன்பது ஆண்டுகளில் அவ்வாறு எவரும் நிறுவியதில்லை.

*

மறுநாள் முனைவர் தில்ஷாத் என்னை அழைத்தார். வாணியம்பாடிக்காரர், தராசைப் பராமரிக்கும் ஒலியியலாளர். எங்கள் அலுவலகத்தில் உரத்துக் கேள்வி கேட்கும் ஒரே ஆள் அவர்தான்.

"கதவைச் சாத்துங்க சார். இந்த அக்கா தங்கச்சி கேஸைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க மேடம். வருத்தமா இருக்குங்க."

"வருத்தம் அப்புறம். இதைப் பாருங்க." அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "நாம சொல் சொல்லாப் பேசுறதில்ல. ஒரு மூச்சுல வர்ற நாலஞ்சு சொல்லைச் சேர்த்துக் கொத்துக் கொத்தாப் பேசுறோம்."

"தெரியுங்க மேடம்."

"தெரிஞ்சாலும் கேளுங்க. எனக்கு நானே சொல்லிக்கிறேன். ஒரு கொத்தோட முதல் எழுத்து அழுந்தும். 'கடல் பெருசு'ன்னு தொடங்கினா அந்த 'க' கல்லு மாதிரி விழும். 'அது நம்ம கடல்'னு நடுவுல வந்தா கூழாங்கல்லாத் தேஞ்சிடும். கொத்தோட கடைசி எழுத்து இழுபடும். தமிழ், தெலுங்கு, உருது, சௌராஷ்டிரம், எதுவா இருந்தாலும் சரி. கொரியாக்காரன் தொடக்கத்துல மூச்சைக் கூட்டுவான். பிரெஞ்சுக்காரன் முடிவை நீட்டுவான். ஒலின்னு நாம நினைக்கிறது பாதி ஒலி, பாதி அது நிக்கிற இடம். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு இழுப்புங்கிறதுல குழந்தையா இருந்த ஊர் ஒட்டிக்கிட்டிருக்கு. நடிக்க முடியாது. ஏன்னா யாருக்கும் தன்னோட அளவு தெரியாது."

"ஆமாங்க."

"இப்ப ஜெனோவா. முதல் அஞ்சு நிமிஷம் கடைசி எழுத்தைப் பாருங்க, எவ்வளவு நீளம். அக்காவோடதையும் இதையும் மேல மேல வச்சா ஒரே கோடு. சுத்தமான கரையோரம். இருபதாவது நிமிஷம் பாருங்க. சுருங்குது. முப்பத்தஞ்சுல வெட்டின மாதிரி நிக்குது. தராசு கடைசி இருபது நிமிஷத்தைத்தான் எடை போடும், ஏன்னா தொடக்கத்துல பயம் இருக்கும்னு நாமளே அப்படி வச்சோம். அரை மணி நேரத்துல ஒரு பொம்பளைக்கு ஊர் மாறுமா சார்?"

அவர் வேறொரு பட்டியலைத் திறந்தார்.

"இந்த வருஷம் குணவதி மேடம் அறையில வெளியார்னு வந்தது நாலு பேரு. உங்க அறையில அறுபத்தொண்ணு."

"பயந்தவங்களை என்கிட்ட அனுப்புறாங்க. அதனால இருக்கலாங்களா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ராத்திரி பூரா அறுபத்தொரு பதிவையும் ஓட்டினேன். அறுபத்தொரு பேரும் தொடக்கத்துல அவங்கவங்க ஊர்ல இருக்காங்க. முடிவுல எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேருறாங்க." அவர் சற்றே தயங்கினார். "குணவதி மேடம் திட்டுறாங்க. திட்டு வாங்குறவன் தன் பேச்சைக் கெட்டியாப் பிடிச்சுக்கிறான். நீங்க தன்மையாப் பேசுறீங்க. ஒருத்தரைப் பிடிச்சுப்போனா நம்ம வாய் அவங்க வாய் மடங்குற மாதிரியே மடங்கும். எல்லா மொழியிலயும் உண்டு இது. அவங்க உங்களை நோக்கி வர்றாங்க சார்."

"என்னை நோக்கியா?"

"உங்க ஒலிவாங்கியில பதிவாகிறதை விதிப்படி அன்னன்னைக்கே அழிச்சிடுறோம். ஒன்பது வருஷமா உங்க பேச்சை யாரும் அளந்ததே இல்ல." பிறகு மிக மெதுவாகக் கேட்டார்: "நீங்க சேலம்தானே?"

"ஆமாங்க மேடம். சேலந்தாங்க."

அது பொய். நான் பிறந்ததும் ஏழு வயதுவரை வளர்ந்ததும் பர்மிய எல்லையில் உள்ள மோரே என்னும் ஊரில். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாயார் கடையைப் பார்த்துக்கொள்ள, என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர் தமிழ் அறியாத ஒரு பர்மியப் பெண்மணி. சேலத்துக்கு வந்த பிறகு தெருப் பிள்ளைகள் என்னைக் கேலி செய்த ஒவ்வொரு சொல்லையும் திருத்திக்கொண்டேன். பிற்பாடு அரசுப் பணியில் முதன்முதலில் சேர விண்ணப்பித்தபோது, பிறந்த ஊர் மேட்டுநிலத்துச் சேலம் என்று எழுதினேன். அப்போது சோதனை வரவில்லை. அந்த ஒரு சொல் யாரையாவது வெளியேற்றும் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அது உண்மைதானா என்று எனக்கே தெரியாது.

சொற்களையெல்லாம் திருத்தினேன். சொற்களின் முனைகளைத் திருத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"உங்களை முறைப்படி சோதிச்சுப் பதிவு பண்ணணும் சார்," என்றார் தில்ஷாத். "உங்க அளவும் அந்த அறுபத்தொரு பேர் வந்து சேர்ற இடமும் ஒண்ணா இருந்தா, சோதனையில குறைன்னு நிரூபணம் ஆயிடும். ஜெனோவாவுக்கு மறுசோதனை. மத்த அறுபது பேரையும் திரும்பக் கூப்பிடலாம். ஆனா…"

"ஆனா நான் வெளியார் ஆயிடுவேன்."

"உங்க சம்மதம் இல்லாம நான் செய்யமாட்டேன். நாளைக்கு மறுநாள், வியாழக்கிழமை காலையில நேரம் இருக்கு. பஸ் வெள்ளிக்கிழமை."

ஒருவரிடம் 'மாட்டேன்' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "சரிங்க மேடம்," என்றேன்.

*

என் மனைவி மங்கையர்க்கரசி மேட்டுநிலத்தில் பிறந்தவர் அல்லர். அலுவலகப் பணியாளரின் துணைக்கு மட்டும் உள்ள விலக்கின்படி, என் அனுமதியில்தான் நகரத்தில் இருக்கிறார். மோரே பற்றி அவருக்கு மட்டும் தெரியும். அன்று மாலை அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். கத்தி நின்றது.

"சரின்னு சொல்லிட்டு வந்துட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவங்க 'கெணத்துல குதிங்க சார்'னு சொல்லியிருந்தாலும் 'சரிங்க மேடம்'னுதான் சொல்லியிருப்பீங்க."

"அந்தக் குழந்தைக்கு எட்டு மாசம், மங்கை."

அவர் கத்தியை மீண்டும் எடுத்தார். நறுக்கிய வெங்காயத்தையே மறுபடி நறுக்கினார்.

"நான் போகாதீங்கன்னு சொல்லமாட்டேன்," என்றார் கடைசியில். "அப்படிச் சொன்னா அந்தப் பாவம் எனக்கு. போங்கன்னும் சொல்லமாட்டேன். மிதவையில எனக்கு மூச்சிரைப்பு தாங்காது. அது உங்களுக்கே தெரியும்."

அன்று நான் உறங்கவில்லை. புதன்கிழமை முழுவதும் விடுப்பில் இருந்து, நாளை என்ன செய்ய வேண்டும் என்று எண்ணிப்பார்த்தேன். செய்ய வேண்டியது மிக எளிது. என் பேச்சை நான் பேச வேண்டும், அவ்வளவுதான். எதிரில் அமர்ந்து என்னைப் பேசவைக்கப்போகிறவர் குணவதி அம்மையார். அவர் கடிந்து பேசுவார். கடிந்து பேசினால் எவரும் தன் பேச்சை விடமாட்டார் என்று தில்ஷாதே சொல்லியிருக்கிறார். அவர் கடுமைக்காக நான் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

*

வியாழக்கிழமை எதிர்ப்பக்க நாற்காலியில் அமர்ந்தேன். ஒன்பது ஆண்டுகளில் அங்கே அமர்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் கதவு தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

குணவதி அம்மையார் உள்ளே வந்து, வழக்கத்துக்கு மாறாகக் கதவை ஓசையில்லாமல் சாத்தினார். கையில் ஒரு பாத்திரம் இருந்தது.

"சுண்டல் சார். வெறும் வயித்துல வந்திருப்பீங்கன்னு தெரியும்."

"வேண்டாங்க மேடம். நீங்க வழக்கம்போலவே கேளுங்க. என்னைத் திட்டினாலும் பரவாயில்லைங்க."

"உங்களையா? உங்களத் திட்டுனா என் நாக்கு அழுகிப்போவும்." அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. "அந்தத் தில்ஷாத் பொண்ணுக்கு வேற வேலையில்ல. பயப்படாதீங்க சார். ஒம்போது வருஷமாப் பக்கத்து ரூம்ல இருக்கோம். நீங்க நம்ம ஆளு."

தொடக்கத்தில் நான் என்னைக் காத்துக்கொண்டேன். சுருக்கமாக விடையளித்தேன். அவரோ என் மௌனத்தைப் பயம் என்று எடுத்துக்கொண்டு, பயத்தைப் போக்குவதற்காகத் தம் கதையைச் சொல்லலானார். மேட்டுநிலத்து மாரண்டஅள்ளியில் அவருடைய மாந்தோப்பு. முழங்கால் வலி. வேலைக்கு வந்த புதிதில் யாரிடமும் கடிந்து பேச வராமல் வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகியது.

"அழுவுற மூஞ்சியப் பார்த்தா நானும் அழுதுருவேன் சார். அதனாலதான் முன்னாடியே கத்திருவேன். எம்பொண்ணே சொல்லுவா, 'அம்மா, உன்னப் பார்த்தா ஆபீஸ்ல எல்லாரும் நடுங்குறாங்களாம், வீட்ல கரப்பான்பூச்சிக்கு நீ நடுங்குற'ன்னு."

நான் சிரித்துவிட்டேன்.

"அப்படிங்களா மேடம்," என்றேன். அப்போது அது என் செவியில் விழுந்தது. 'மேடம்' என்பதன் முடிவு மெல்லச் சரிந்து, அவருடையதைப் போலவே தேய்ந்து நீண்டிருந்தது.

எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்க்க அறையில் கடிகாரம் இல்லை. இழுத்துப்பிடிக்க முயன்றேன். ஆனால் எதை இழுத்துப்பிடிப்பது? என்னுடைய அளவு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவரைக் காயப்படுத்தி எங்களுக்கிடையே தூரத்தை உண்டாக்குவது. அதற்கான சொல்லும் நாவில் வந்து நின்றது. 'உங்க கதையை யார் கேட்டா? வாயை மூடுங்க.' அவ்வளவு சொன்னால் போதும். அவர் முகம் சுருங்கும், குரல் கடுமையாகும், நான் நானாக இருப்பேன், அறுபத்தொரு பேர் திரும்பி வருவார்கள்.

"என்ன சார், ஏதோ சொல்ல வந்தீங்க?"

மிதவையில் மூச்சு வாங்கும் மங்கையின் முகம் நினைவில் எழுந்தது. அதுதான் என்னைத் தடுத்ததா, அல்லது எதிரில் சுண்டல் பாத்திரத்தோடு அமர்ந்திருந்த பெண்மணியின் நல்லெண்ணமா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

"ஒண்ணுமில்லைங்க," என்றேன். "முழங்காலுக்கு எண்ணெய் ஏதாவது தடவுறீங்களா?"

சீட்டைக் குணவதி அம்மையாரே கொண்டுவந்து கொடுத்தார். அதில் அச்சாகியிருந்தது: மேட்டுநிலத்தார்.

தில்ஷாத் வாசலில் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. "மன்னிச்சிடுங்க சார். உங்க மேல தப்பா ஒரு சந்தேகத்தைப் போட்டுட்டேன். அந்த அறுபத்தொரு பேர் போய்ச் சேர்ற இடம் உங்களுது இல்ல. என் கணக்குலதான் எங்கயோ கோளாறு." அவர் மேல்முறையீட்டுக் கோப்பை மூடினார். ஜெனோவாவின் பெயர் அதன் மேல் எழுதப்பட்டிருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் கமலக்கண்ணனின் அறைக்குள் அனுமதி கேளாமல் நுழைந்தேன். என் வாழ்வில் நான் செய்த முதல் மரியாதைக்குறைவு அதுவாக இருக்கலாம்.

"சார், நான் சேலம் இல்லைங்க. மோரேயில பிறந்தேன். விண்ணப்பத்துல பொய் எழுதினேன். நேத்து நடந்த சோதனையில நான் குணவதி மேடம் பேச்சுக்கு இசைஞ்சு போயிட்டேன். அந்த அறுபத்தொரு பேரும் என் பேச்சுக்கு இசைஞ்சு போனவங்க. தயவுசெய்து பஸ்ஸை நிறுத்துங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். என்னை அன்போடு பார்த்தார். அந்த அன்பு எனக்கு அச்சமூட்டியது.

"உட்காருங்க வயிரவன். அந்தப் பால்குடிக் குழந்தை விஷயந்தானே? எனக்கும் காலையில இட்லி இறங்கல."

"நான் சொல்றது உண்மைங்க சார்."

"மோரேன்னு சொல்றீங்க. சான்று இருக்கா?"

"அந்தக் காகிதம் எதுவும் இப்ப இல்லைங்க. என் மனைவிக்குத் தெரியும்."

"மனைவி சொல்றதும் வெறும் சொல்லுதானே சார். காகிதத்துலயும் பொய் சொல்றான், வாயாலயும் பொய் சொல்றான்னுதானே நாம தராசையே கொண்டுவந்தோம். இன்னைக்கு நீங்க நல்ல மனசுல பொய் சொல்றீங்க. நாளைக்கு ஒருத்தன் கெட்ட மனசுல சொல்லுவான். நான் எப்படிப் பிரிப்பேன்?"

"எனக்கு இன்னொரு சோதனை வச்சுப் பாருங்க சார்."

"முதல் சோதனையில குறைன்னு நிரூபிங்க. வைக்கிறேன்." அவர் எழுந்து என் தோளைத் தொட்டார். "நீங்க ஊர்க்காரர்னு தராசே சொல்லியாச்சு. இனி நீங்களே நினைச்சாலும் அதை மாத்த முடியாது. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வீட்ல இருங்க."

நான் ஓடினேன். புதுநகரத்தின் தெற்கு வாசலில் சாம்பல் நிறப் பேருந்து இயங்கிக்கொண்டே நின்றது. கம்பிவேலிக்கு இப்பால் கிளாட்வின் நின்றிருந்தார். குழந்தை அவர் தோளில் உறங்கியது. அது எழுந்து அழுவதற்குள் பேருந்து போய்விட வேண்டும் என்பதுபோல அவர் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். ரெஜினா வேலிக்கம்பிகளைப் பற்றிக்கொண்டு, தங்கையைப் பெயர் சொல்லாமல் ஏசிக்கொண்டிருந்தார். "கண்டவன்ட்டயும் வாய் குடுக்காத. தண்ணியக் காய்ச்சிக் குடி. கேக்குதா, மூதி?"

ஜெனோவா மூன்றாவது சன்னலில் இருந்தார். நான் அருகில் போய் நின்றேன். உண்மையைச் சொல்வதற்காகவே சென்றேன். நான் யார், அவருக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லி, அவர் என் முகத்தில் உமிழ்ந்தால் அதையும் ஏற்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

"அம்மா," என்று தொடங்கினேன்.

என் குரல் கேட்டதும் அவர் திரும்பினார். முகம் சற்றே இளகியது.

"நீங்களா சார். எங்களுக்காக டைரக்டர்ட்ட போனீங்களாம். அங்க நின்ன பியூன் வாசல் காவலுக்குப் போன்ல சொன்னாராம்."

"என்னால முடியலைங்க. நான் உங்களுக்கு…"

"போட்டும் சார். விதி. ஆனா இத்தன முகாம்ல, இத்தன வரிசையில, என்னைய ஒரு மனுசியா உட்கார வச்சுப் பேசினது நீங்க ஒருத்தர்தான். அத நான் மறக்கல."

ஓட்டுநர் கதவை மூடினார். ஜெனோவா சன்னல் வழியே இரு கைகளையும் குவித்தார்.

"நன்றி சார்."

அந்தக் கடைசி எழுத்து நீளவில்லை. தமக்கையின் ஏச்சில் இழுபட்ட அந்தக் கரையின் இழுப்பு அதில் இல்லை. என்னுடையதைப் போலவே சட்டென்று அறுந்து நின்றது.